முன்கையில் ஒரு வடமீன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் அறுபதைத் தாண்டிய தமிழர்களுக்குப் பச்சை குத்துவது என்றதும் நினைவுக்கு வருவது பாட்டியின் முன்கைதான். கறுத்த தோலுக்கு அடியில் கரும்பச்சையாக மங்கிக் கிடக்கும் புள்ளிகள், ஒரு தேள், ஒரு சிறு கோலம், சில கைகளில் ஒரு பெயர். பால்மரம் வெட்டிவிட்டு வந்தவள் லயத்துப் பைப்படியில் கை கழுவும்போது விரலில் ஒட்டிய ரப்பர்ப்பால் சுருள் சுருளாக உரிந்து வரும்; பச்சை மட்டும் அப்படியே இருக்கும். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்த பேரப்பிள்ளைகள் உண்டு. “அது போவாது சாமி, கட்டையிலதான் வேகும்” என்பது பாட்டிகளின் வழக்கமான பதில். நகை நட்டையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும், கூட வருவது பச்சை ஒன்றுதான் என்ற நம்பிக்கையைத் தோட்டத்துக்குத் தோட்டம் கேட்கலாம்.

அந்தப் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைவீடுகளின் மாடிப்படி ஏறி டாட்டூ போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்கும் உருக்களில் நட்சத்திரக் கூட்டமும் ஒரு வரிக் கவிதையும் உண்டு. பெரியவர்களுக்கு இது புதுப்பழக்கமாகத் தெரிகிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு தூரம் இல்லை. வேறுபாடு ஒன்றுதான். பாட்டியின் பச்சையைத் தேர்ந்தவர்கள் பாட்டியின் அம்மாவும் அத்தையும். கொள்ளுப்பேத்தி தன்னுடையதைத் தானே தேர்கிறாள். ஆகவே தேர்வில் வரும் பிழையும் அவளுடையதே.

பழைய முறையைச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாகவே பதிவு செய்தார். மஞ்சள் பொடியையும் அகத்திக்கீரையையும் புதுத்துணியில் தேய்த்துத் திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே ஒரு புது மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அதில் கரி படியும். அந்தக் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். நாலைந்து தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டினால் அதுவே கருவி. குத்துகிறவள் குறத்தி. வலி மறக்க அவள் பாடிக்கொண்டே குத்துவாள் என்பதும் பதிவாகியிருக்கிறது. குத்தி முடித்ததும் மஞ்சள் தடவுவார்கள். கூலியாக அரிசி, வெற்றிலை பாக்கு, கொஞ்சம் காசு.

அந்தக் கைகள்தாம் கப்பலேறி மலாயாவுக்கு வந்தன. ஒப்பந்தக்கூலி முறை இங்கே 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறையில் வந்த கூட்டம் 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை வந்துகொண்டிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியே சிங்கப்பூர் வரை ஓடிய ரஜுலா கப்பலின் பெயர் பழைய குடும்பங்களில் இன்றும் அடிபடுகிறது. போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய போர்ட் கிள்ளான். நேட்டாலுக்கும் பிஜிக்கும் போன தமிழர்களின் குடியேற்றச் சீட்டில் உடல் அடையாளம் என்று தனியே ஒரு கட்டம் இருந்தது. தழும்பும் மச்சமும் பச்சையும் அதில் ஏறின. ஊரில் அழகுக்கும் நம்பிக்கைக்கும் குத்தியது துறைமுகத்தில் ஆளை அடையாளம் காட்டும் குறியாக மாறியது.

இங்கே பிறந்த பிள்ளைகளின் கையில் பச்சை குறைந்துகொண்டே வந்தது. ஊர் ஊராக வரும் குறத்தி தோட்டத்துக்கு எப்போதும் வருகிறவள் இல்லை. பள்ளிக்கூடம் போன பெண்ணுக்கு அது பட்டிக்காட்டு அடையாளமாகவும் பட்டது. இடையில் ஆண்களின் கையில் வேறு பச்சைகள் வந்தன. தமிழ்நாட்டில் 1970-களில் எம்.ஜி.ஆர் தம் கட்சிக்காரர்களைக் கட்சி அடையாளத்தைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னதும், அதைக் கட்சிக்குள்ளேயே சிலர் எதிர்த்ததும் அந்தக் காலத்துப் பெரிய பேச்சு. பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் குண்டர் கும்பல்களின் எண்கள் தோலில் ஏறின. 2013-இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, மகன் கையில் எதையாவது குத்திக்கொண்டு வந்தால் அம்மா முதலில் கேட்பது, “யாரு கூட சேர்ந்த?” என்றுதான். நட்சத்திரமும் கவிதையும் வேண்டும் என்று வரும் இளையவர்கள் பலருக்கு இந்தக் கேள்விக்கு வேலை வைக்கக்கூடாது என்ற கவனமும் உண்டு.

நட்சத்திரத்தைத் தேர்வது எளிது என்று தோன்றும். கூகுளில் தேடினால் ஆயிரம் படம் வரும். சிக்கலே அங்கேதான். அந்தப் படங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் தெரியும் வானம். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. திருவாதிரையும் மிருகசீரிடமும் சேர்ந்த ஓரியன் கூட்டம் ஐரோப்பாவில் நிமிர்ந்து நிற்கும் வேட்டைக்காரன். இங்கே கிழக்கில் ஒருக்களித்துப் படுத்தபடி எழுந்து தலைக்கு மேலே கடந்துபோகிறது. பிறையும் இங்கே படகுபோல மல்லாந்து கிடக்கும். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 3 பாகைதான். மரமும் மாடிவீடும் மறைத்துவிடும். அதை வழிகாட்டி என்று மணிக்கட்டில் குத்திக்கொள்ளும் கிள்ளான்காரர் தம் வாசலிலிருந்து அதை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்.

தோட்டத்துச் சனங்களுக்கு இந்த வானம் பழக்கமானது. மரத்தில் பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த விடிகாலையில். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். அதனால் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஆள் எழுந்து நிற்கும்போது இன்னும் இருட்டாகவே இருக்கும். தை, மாசி மாதங்களில் அந்த நேரத்தில் தென்கிழக்கே விருச்சிகம் முழுசாகத் தெரியும். நடுவில் சிவப்பாகக் கேட்டை, கீழே வளைந்த வால். பாட்டியின் கையில் இருந்த தேளை அவள் வானத்தைப் பார்த்துக் குத்திக்கொள்ளவில்லை. தேள் கடிக்குக் காவல் என்றே அதைச் சொல்வார்கள். ஆனாலும் தேளை இன்று தேர்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன. இங்கிருந்து பார்த்தால் நல்ல உயரத்தில், தெளிவாகத் தெரியும் கூட்டம் அது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது, சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவின் யூஎஸ்ஜே ஆனது. அந்த இருட்டும் போய்விட்டது. கார்த்திகையின் ஆறு மீன்களை எண்ண இப்போது நகரை விட்டு வண்டியோட்டிப் போகவேண்டும்.

பிறந்த இரவின் வானத்தை அப்படியே வரைந்துகொள்வது இன்னொரு வழி. ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் இடமும் நாளும் நேரமும் கொடுத்தால் அந்த வானம் திரையில் வந்துவிடும். இதில் மலேசியாவுக்கே உரிய ஒரு பொறி உண்டு. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன்பு உலக நேரத்தைவிட ஏழரை மணி முந்தி இருந்தது, பிறகு எட்டு மணி. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் டோக்கியோ நேரம், அதாவது ஒன்பது மணி. அம்மா பிறந்த இரவைத் தோளில் வரைந்துகொள்ள விரும்பும் மகள் பிறப்புப் பத்திரத்தில் உள்ள நேரத்தை அப்படியே இன்றைய கணக்கில் போட்டால், அடிவானத்தில் இருக்கவேண்டிய மீன் ஏழெட்டுப் பாகை நகர்ந்துவிடும். ஜாதகம் கணிப்பவர்களுக்கு இது பழைய சங்கதி. சந்தேகம் இருந்தால் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வெகுதூரமில்லாத தேசியக் கோளரங்கத்துக்குப் போய் விசாரிக்கலாம். நீலக் குவிமாடம் வைத்த அந்தக் கட்டடம் 1994-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போகாத கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் குறைவு.

ஜென்ம நட்சத்திரத்தைக் குத்திக்கொள்பவர்கள் பலர் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றைப் போட்டுப் பக்கத்தில் ‘ரோகிணி’ என்று எழுதிவிடுகிறார்கள். இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் வானத்தில் தனித்தனி உரு இருக்கும்போது இது சோம்பேறித்தனம். கார்த்திகை ஆறு புள்ளிக் கொத்து. மிருகசீரிடம் நெருங்கிய மூன்று புள்ளி. அனுஷம் வளைந்த பனைமரம் போன்றது என்று சங்கப் பாடலே சொல்கிறது. புள்ளிகளைச் சரியான இடைவெளியில் வைத்தாலே போதும், பெயர் எழுதத் தேவையில்லை. பாட்டியின் கைப் புள்ளிகளுக்கு மிக அருகில் வருவதும் இதுதான்.

கணவன் மனைவியாகச் சேர்ந்து குத்திக்கொள்கிறவர்கள் கேட்பது அருந்ததி. சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிஷ்டரை ஒட்டி மங்கலாகத் தெரியும் மீன் அது. இரண்டும் நம்மிடமிருந்து சுமார் 80 ஒளியாண்டு தொலைவில் உள்ளன. சங்கப் பாடல்களில் அதன் பெயர் வடமீன். கோலாலம்பூர்க் கல்யாண மண்டபத்தில், காலை முகூர்த்தத்தில், குளிர்சாதனம் ஓடும் கூடத்துக்குள் ஐயர் கை காட்ட, மணமக்கள் பயபக்தியோடு அலங்கார விளக்கைப் பார்த்துக் கும்பிடுவது எல்லாருக்கும் பழகிப்போன காட்சி. உண்மையான அருந்ததியைப் பார்க்க வைகாசி மாதத்து இரவு பத்து, பத்தரை மணிக்கு வடக்கே நோக்கவேண்டும். அதே நேரத்தில் திரும்பித் தெற்கே பார்த்தால் திரிசங்கு நிற்கும். தென்சிலுவை என்று மற்றவர்கள் சொல்லும் நான்கு மீன்களை நம் கதை திரிசங்குவோடு சேர்க்கிறது: விசுவாமித்திரர் மேலே அனுப்ப, தேவர்கள் கீழே தள்ள, நடுவில் நின்றுவிட்டவன். சென்னையில் அந்தக் கூட்டம் அடிவானத்துக்கு மேல் அதிகபட்சம் 17 பாகைதான் ஏறும், கோலாலம்பூரில் 27. ஊரைவிட்டுத் தெற்கே வந்து, போன இடத்திலும் பாதி, விட்ட இடத்திலும் பாதியாக நின்ற சமூகத்துக்கு அருந்ததியைவிடப் பொருத்தமான உரு இது. கேட்கிறவர்கள்தாம் அதிகமில்லை.

கவிதைக்கு வந்தால், நட்சத்திரமும் கவிதையும் ஒன்றாகவே கிடைக்கும் இடங்கள் தமிழில் உண்டு. அகநானூற்றின் 86, 136-ஆம் பாடல்களில் திங்கள் ரோகிணியோடு சேர்ந்த நாளில் திருமணம் நடக்கிறது. கண்ணகியின் கல்யாணமும் அப்படிப்பட்ட நாளில்தான். 1910-இல் வானத்தில் ஹேலி வால்மீன் தெரிந்தபோது பாரதியார் அதைப் பற்றிச் ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்று ஒரு கவிதை எழுதினார். எல்லாவற்றிலும் வியப்பானது கூடலூர் கிழாரின் புறநானூற்று 229-ஆம் பாடல். பங்குனி மாதத்து நள்ளிரவு. உத்தரம் உச்சியிலிருந்து சாய்கிறது, மூலம் எழுகிறது, மிருகசீரிடம் இறங்குகிறது. அப்போது ஒரு மீன் எரிந்து விழுகிறது. அஞ்சியபடியே ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். இது கற்பனை வானம் இல்லை. மூலமும் மிருகசீரிடமும் வானத்தில் கிட்டத்தட்ட எதிரெதிரே இருப்பவை; ஒன்று எழும்போது மற்றது இறங்கியே தீரவேண்டும். கோலாலம்பூர்க் கடிகாரத்தில் அந்த நள்ளிரவு ஒரு மணியைத் தாண்டி வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்பாவை இழந்த ஒருவர் இந்த வானத்தை மேற்கையில் வரைந்துகொண்டால் அதற்குப் பொருள் உண்டு. கல்யாண நாளுக்கு என்று யாராவது இதை எடுத்தால், பாடலை முழுதும் படிக்கவில்லை என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்களுக்கு நேரும் விபத்து இதுதான். வரி இனிமையாக இருக்கும், பாடல் ஒப்பாரியாக இருக்கும்.

சங்கப் பாடல்தான் வேண்டும் என்பதும் இல்லை. முரசு நெடுமாறன் தொகுத்து 1997-இல் வெளிவந்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ நூறாண்டுக் கவிதைகளைக் கொண்டது. பாட்டி கேட்ட பாட்டுக்கும் பேத்தி நடக்கும் தெருவுக்கும் அருகிலிருக்கும் வரிகளை அங்கே தேடலாம். பாடலின் எண்ணை மட்டும் குத்திக்கொண்டால் அழகாக இருக்குமே என்றும் சிலருக்குத் தோன்றும். கிள்ளான் பள்ளத்தாக்கில் கையில் தனியாக ஓர் எண் என்றால் அதைப் போலீஸ்காரர் புறநானூறாக வாசிக்க மாட்டார்.

வரி கிடைத்த பிறகு எழுத்து. இங்கேதான் அதிகமான டாட்டூக்கள் கெட்டுப்போகின்றன. படம் வரையும் மென்பொருள்கள் பல, தமிழுக்கான அமைப்பை மாற்றி வைக்காவிட்டால், உயிர்மெய்யைச் சேர்க்காமல் உடைத்துப் போடும். கொம்பு எழுத்துக்கு முன்னே வராமல் பின்னே போய் நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகும், மெய்யின் புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் ஏறும். ஊசி பிடிப்பவர் தமிழ் தெரியாத சீனராகவோ வேறொருவராகவோ இருந்தால் அவருக்கு எல்லாம் ஓவியமே. ஆப்பிள் கணினியிலும் ஐபோனிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்குக் காரணமான எழுத்துருக்களை வடிவமைத்தவர், முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன். தந்தை கவிதையைத் தொகுத்தார், மகன் அதைத் திரையில் எழுதும் எழுத்தைச் செய்தார். இரண்டும் இந்தப் பள்ளத்தாக்கின் சரக்கு. கைபேசியில் வரியைத் தட்டி, திரையில் தெரிவதையே படமாக எடுத்துக் கொடுத்தால் பாதிப் பிழை குறையும்.

பழைய கைகளில் பெயர் எழுதியிருந்தால் அதில் வேறொன்றைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணா, றா, னா மூன்றும் காலைத் தனியே எழுதாமல் கொக்கியாகச் சுருட்டி எழுதப்பட்டன; ணை, லை, ளை, னை நான்குக்கும் யானைத் துதிக்கை போன்ற கொம்பு. மலேசியாவும் பிறகு புது எழுத்தை ஏற்றது. ‘அண்ணாமலை’ என்று தாத்தாவின் பெயரைத் தாங்கிய பாட்டியின் கையைப் புது எழுத்தில் படித்த பேத்தியால் சட்டென்று வாசிக்க முடியாது. சிலர் அந்தப் பழைய எழுத்தையே நகலெடுத்துத் தம் கையில் குத்திக்கொள்கிறார்கள். பாட்டியின் தோலோடு எரிந்துபோகவிருந்த கையெழுத்து அது. இந்த வகைத் தேர்வுகளில் மிக நல்லது இதுவே.

தோலுக்கும் சில கணக்குகள் உண்டு. மை நிற்பது மேல்தோலில் இல்லை, அதற்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். அங்குள்ள வெள்ளணுக்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்வதால்தான் அது நிலைக்கிறது. ஆண்டுகள் போகப்போக ஓரம் கசிந்து கோடு தடிக்கும். ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் வளைவும் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகும். ஒற்றுப்புள்ளி பக்கத்துக் கோட்டோடு சேர்ந்துவிடும். எனவே மணிக்கட்டில் நாலு வரி வெண்பா வேண்டாம். ஓர் எழுத்து சுண்டுவிரல் நகம் அளவாவது இருந்து, ஒன்றிரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கார்த்திகையின் ஆறு புள்ளிகளுக்கும் இதே விதி. நெருக்கி வைத்தால் இருபது ஆண்டில் ஒரே மேகம். மின்கருவி வேண்டாம், கையாலேயே குத்தவேண்டும் என்று கேட்பவர்களும் இப்போது உண்டு. புள்ளி உருக்களுக்கு அது பொருந்தும். கடைப் புத்தகத்தில் இருக்கும் சரவாக் இபான் மக்களின் கத்தரிப்பூ உரு நட்சத்திரம் போலவே தெரியும் என்பதற்காக அதை எடுக்கவேண்டாம். அது ஊரைவிட்டுப் பயணம் புறப்படும் இளைஞன் தோளில் ஏற்றுக்கொள்ளும் அடையாளம். அலங்காரப் பூ இல்லை.

முடிவு செய்ய முடியாதவர்களுக்கு ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிலானாவிலும் தீபாவளிக்கு முன் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மருதாணிப் பெண்கள் உதவுவார்கள். அதே உருவை அதே இடத்தில் போட்டுப் பார்த்தால் இரண்டு வாரத்தில் மனசு சொல்லிவிடும். ‘கறுப்பு மருதாணி’யை மட்டும் தவிர்க்கவேண்டும். அதில் கலக்கும் முடிச்சாயப் பொருள் தோலைப் பொசுக்கித் தழும்பாக்கக்கூடும். சீருடை வேலைக்கு மனுப்போட இருப்பவர்கள் அதன் விதியைப் படித்துவிட்டு இடத்தைத் தேரட்டும். புது டாட்டூ போட்டவர் சில மாதங்களுக்கு இரத்த தானம் செய்ய முடியாது. லேசரில் அழிக்கலாம் என்பது உண்மைதான். குத்தும் செலவைப்போலப் பல மடங்கும், பல அமர்வுகளும், குத்தியதைவிட அதிக வலியும் ஆகும்.

கடைசியாக ஸ்டென்சில். மெல்லிய தாளில் வரைந்த உருவைத் தோலில் ஒட்டி எடுத்ததும் ஊதா நிறத்தில் எழுத்து தெரியும். அது ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும். அடுத்த நிமிடம் ஊசி பட்டதும் போகாது. கண்ணாடியில் பார்த்தால் எழுத்து இடவலம் மாறித் தெரிவதால் பிழை கண்ணுக்குப் படாது. தமிழ் படித்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் மட்டும் படித்தவர்களுக்கு வீட்டுப் பாட்டியே போதும். அவர் அந்த வரியை எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசித்து முடித்த பிறகு ஊசியைத் தொடச் சொல்லுங்கள்.